வணிகக் கல்வியும் பிறமொழிப் பயிற்சியும்

வணிகம் கற்றற்பொருட்டுப் பிறநாடு செல்லும் மாணவர் பலர், கணக்கியலும் பொருளியலும் கற்றாற் போதும், அந்நாட்டு மொழி தானே வந்துவிடும் எனக் கருதுகின்றனர். மொழி தானே வருவதன்று; முயன்று பெறுவது. அங்ஙனம் பெற்றார்க்கு அது பெருமுதலாகும். இதற்கு ஜேர்மானிய வணிகர் ஹைன்றிச் சிலீமன் வரலாறு தக்க சான்று. துருக்கியிலே திறோய் நகரை அகழ்ந்தவராக உலகம் இவரை அறியும். நாம் ஈண்டு நோக்குவது அதற்கு முற்பட்ட அவர்தம் வணிக வாழ்வையே.

1822 இற் பிறந்த இவர், வறுமையாற் பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டுப் பலசரக்குக் கடையொன்றிற் பணிபுரிந்தார். 1841 இல் வெனிசுவேலாவுக்குப் புறப்பட்ட கப்பல் ஒல்லாந்துக் கரையில் உடைய, உயிர்தப்பி அம்ஸ்ரடாம் நகரை அடைந்து, அங்கே எழுதுவினைஞரானார். பெற்ற சம்பளத்திற் பாதியைக் கல்விக்கே செலவிட்டதாகத் தாமே எழுதியுள்ளார். ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கேயம் ஆகியவற்றைக் கற்றார்.

1844 இற் சுறோடர் என்னும் வணிக நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நிறுவனத்தார் அவுரிச் சாயம் விற்போர். அதனை வாங்குவோருள் ருஷியரும் இருந்தனர். ஆனால் அவர்தம் மொழியறிந்தோர் அந்நகரில் மிக அரியர். இதனைக் கண்ட சிலீமன், ஆசிரியர் கிடையாதபோதும் இலக்கண நூலொன்றும் அகராதியொன்றும் துணையாக ருஷியம் பயின்றார். பயன் யாது? 1846 இல் நிறுவனம் அவரைத் தன் முகவராகச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அனுப்பிற்று. அங்கே விரைவில் தம் பெயரிலும் வணிகம் தொடங்கி, அவுரி வாணிகத்தாற் பெருஞ்செல்வரானார்.

அவர் கூறும் பயிற்சிமுறையை மாணவர் ஊன்றி நோக்குக. உரக்க வாசித்தல், மொழிபெயர்த்துக் கொண்டிராமை, நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாது பயிலுதல், விருப்பமான பொருள்பற்றிக் கட்டுரை எழுதுதல், ஆசிரியர் திருத்தியபின் அதனை மனனஞ் செய்து ஒப்புவித்தல் என அஃது ஐந்தாகும். தபாலகத்திற் காத்துநின்ற பொழுதையும் அவர் வீணாக்கிலர். கையிலே நூல் இருந்தது.

தன்வரலாற்றில் அவர் மிகைபடக் கூறியனவும் உள என ஆராய்ச்சியாளர் காட்டுவர். ஆயினும், சென்ற நாடுகளின் மொழிகளிலேயே பெரும்பாலும் அவர் எழுதிய பயண நாட்குறிப்புகள் இன்றும் ஏதென்சு நகரிற் பேணப்படுகின்றன. அவர் மொழித்திறனுக்கு அவையே கரி.

இவ்வரலாற்றால் நாம் அறிவது, தொழிலும் மொழியும் இருவேறு பாடங்கள் அல்ல என்பதாம். தம் தொழிலுக்கு வேண்டியதும் உடன்பணிபுரிவோர் கல்லாததுமான மொழியைத் தேர்ந்தமையே சிலீமனை உயர்த்திற்று. இன்று ஜேர்மனிக்கோ யப்பானுக்கோ செல்லும் மாணவன், விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றதென அமைதியுறல் ஆகாது. விரிவுரை முடிந்தபின் அவன் வேலை தேடிச் செல்லும் தொழிலகத்திலும் கடைவீதியிலும் வழங்குவது அந்நாட்டு மொழியே. அதனை அறியாதான் பட்டம் பெற்றும் புறத்தே நிற்பான்.

தமிழாசிரியராகிய நாம் கண்ட உண்மை மற்றொன்றுண்டு. தாய்மொழியிற் பிழையற எழுதப் பழகிய மாணவனுக்கே பிறமொழி இலக்கணம் எளிதில் விளங்குகின்றது. ஆதலின் கடல் கடக்க எண்ணும் மாணவர், அதற்கான பயிற்சியை இக்கல்லூரி வகுப்பறையிலேயே தொடங்குவாராக. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எவர்க்கும் அரிதன்று.