ரூபாயா, டாங்கா? வியட்நாமில் கார்டு தேய்க்கும் முன்

குடும்பத்தோட வியட்நாம் போறீங்களா? தமிழை விடுங்க, ஹோட்டல் வாசலைத் தாண்டினா பல இடங்கள்ல இங்கிலீஷே எடுபடாது. விலையை போன் கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டுவாங்க, அதைச் சமாளிச்சிடலாம். பணம் நழுவுறது கார்டு மெஷின்ல.

பில் போடும்போது திரை கேட்கும்: ஐஎன்ஆரா, விஎன்டியா? ரூபாயைப் பார்த்ததும் விரல் தானா அங்கதான் போகும். சில சமயம் கேஷியரே உதவி பண்றதா நினைச்சு அழுத்திடுவார். அழுத்தினா, மெஷின் பக்கத்து நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து ஒரு ரேட் போடும். இதுக்குப் பேர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். போதாக்குறைக்கு, இந்தப் பரிவர்த்தனைக்கும் நம்ம ஊர் வங்கிகள் பல தனிக் கட்டணம் பிடிக்கும். அதனால எப்பவும் விஎன்டி. ஏடிஎம்ல கேட்டாலும் அதே பதில்தான்.

விஎன்டியும் இலவசம் இல்ல. உங்க கார்டோட மார்க்கப் 3.5%னு வச்சுக்குங்க. 50,000 ரூபாய் செலவுக்கு 1,750 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டுகள் இருக்கு. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.

கேஷ் விஷயம் வேற. விலைப் பலகையில 50.000னு இருந்தா அது ஐம்பதாயிரம். அந்தப் புள்ளி தசமம் இல்ல. 20,000 டாங், 500,000 டாங் ரெண்டு நோட்டும் நீலம். 25 மடங்கு வித்தியாசம்! அப்பா கையில பர்ஸைக் கொடுக்கும் முன்னாடி 500,000 நோட்டுகளை மட்டும் தனியா எடுத்து வச்சிடுங்க.