இரவில் பத்து நிமிடம்: தன்னை அறிய நாட்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ல் தொடங்கி 1761-ல் மறையும் காலம்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் காலத்து அரசியலும் வணிகமும் அதில் விரிகின்றன. இங்கே சொல்வது இன்னொரு வகை நாட்குறிப்பு. நம் சொல்லையும் செயலையும் நாமே கவனிப்பதற்கானது. வருடங்கள் வந்த வேகம் தெரியாமல் போகின்றன என்று வருந்துகிற ஒவ்வொருவரும் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

படி 1: நோட்டும் நேரமும்

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். சாப்பிட்டு முடித்து, படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்ற நிம்மதி இருந்தால்தான் உண்மை எழுத வரும். ஆகவே நோட்டுக்குப் பத்திரமான இடம் வேண்டும்.

படி 2: மூன்று கேள்விகள்

இன்று எது மனதுக்கு நிறைவாக இருந்தது? எங்கே தவறினேன்? நாளை எதை மாற்றிச் செய்வேன்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி போதும். "கோபப்பட்டேன்" என்று நிறுத்தாமல், யாரிடம், எந்தச் சொல்லுக்கு, அப்போது பசியா களைப்பா என்று எழுதுங்கள். காரணம் தெரிந்தால்தான் மாற்ற வழி பிறக்கும்.

ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா, இரவில் விளக்கை எடுத்தபின் அன்றைய நாள் முழுவதையும் ஒளிக்காமல் மனதில் விசாரித்தார். தவறைக் கண்டதும் இனிச் செய்யாதே என்று எச்சரித்து, தன்னை மன்னித்தும் விட்டார். அந்த மன்னிப்பு முக்கியம். தன்னைத் திட்டித் தீர்க்கும் நோட்டை யாரும் அதிக நாள் திறக்க மாட்டார்கள்.

படி 3: வாரம் ஒரு குணம்

அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்தார். தவறியபோதெல்லாம் கட்டத்தில் ஒரு புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பொருள்களை ஒழுங்காக வைப்பது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. ஆனாலும் அந்த முயற்சி தன்னை மேம்படுத்தியது என்றே எழுதினார். நீங்கள் ஒரே ஒரு குணத்தோடு தொடங்குங்கள். உதாரணமாக, பிறர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பது.

படி 4: நெஞ்சில் கனப்பதை எழுதும்போது

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் வாடியது; பின்வந்த மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரைத் தேடிப்போனார்கள். ஆகவே முதலில் வரும் கலக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையானவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசுங்கள்.

படி 5: ஞாயிறன்று திருப்பிப் படியுங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு நாளின் கோபம் தற்செயலாக இருக்கலாம். ஒரே கோபம் வாரத்தில் மூன்று முறை வந்தால் அது பழக்கம். திரும்பத் திரும்ப வருவதற்கு அடிக்கோடிடுங்கள். நிறைவு தந்தவற்றையும் அப்படியே குறியுங்கள். அவற்றுக்கு அடுத்த வாரம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இடையில் நாட்கள் விட்டுப்போனால்

விட்டதை நிரப்ப முயல வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள். நோட்டில் கண்டறிந்த ஒன்றையாவது மறுநாள் செய்து பாருங்கள்: நெடுநாளாகப் பேசாத அண்ணனுக்கு ஒரு போன், கேட்க மறந்த ஒரு மன்னிப்பு. எழுதியது செயலாகும்போதுதான் வாழ்க்கை நிறைகிறது.