விளையாட்டும் உளநூலும்

விளையாட்டு உடலுக்கே உரியதென்று கருதுவோர் பலர். ஓடுவது காலாயினும், எறிவது கையாயினும், அவற்றிற்குரிய காலத்தையும் அளவையும் தெரிந்து ஏவுவது மனமேயாம். நாடோறும் மாலையில் தவறாது பயின்றும், பந்தயத்தில் தளர்ந்து, 'இது நமக்குப் பிறவியில் அமையவில்லை' என்று ஆட்டத்தையே கைவிடும் மாணாக்கர் எக்கல்லூரியிலும் உளர். பலகால் குறை பிறவியில் அன்று. பயிலும் முறையிலேயே உள்ளது. இதனை உளநூல் வழிநின்று ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அறியத்தக்கது திறன்களின் பாகுபாடு. 1957-ஆம் ஆண்டில் பூல்டன் என்னும் உளநூலார் தொழில்களுக்குரிய திறன்களை மூடிய திறன், திறந்த திறன் என இருவகைப்படுத்தினார். பின்னர் இப்பாகுபாடு விளையாட்டிற்கும் கொள்ளப்பட்டது. சூழ்நிலை மாறாது நிற்க, ஒருவன் தானே தொடங்கித் தானே முடிப்பது மூடிய திறன். கூடைப்பந்தில் 'ஃப்ரீ த்ரோ' எறிதல் இதற்குத் தக்க சான்றாகும். பலகையினின்று 15 அடியில் கோடு, தரையினின்று 10 அடி உயரத்தில் வளையம், குறுக்கிடுவார் எவருமிலர். சூழ்நிலை கணந்தோறும் மாற, அதற்கேற்பத் தன் செயலையும் மாற்றிக்கொள்வது திறந்த திறன். சடுகுடுவில் பாடிச் செல்வோனுக்கும், கிரிக்கெட்டில் மட்டை பிடிப்போனுக்கும் வேண்டுவது இதுவே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட படிகளும் பல உள. முன்னையதற்கு ஓர் அசைவையே உறுதிப்படுமளவும் மீண்டும் மீண்டும் செய்தல் பெரிதும் பயன்தரும். பின்னையதற்கோ அது மட்டும் போதாது. வேகமும் திசையும் மாறி மாறி வரும் பந்துகளை எதிர்கொண்டு பழகுதல் வேண்டும். ஒரே வகைப் பந்தைப் பன்னூறு முறை அடித்துப் பழகியவன் பந்தயத்தில் திகைப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இரண்டாவது, மனம் செய்தியை ஏற்று ஆளும் வகை. புலன்வழி வந்ததை உணர்தல், செய்யத்தக்கதைத் தெரிதல், உறுப்புக்களை ஏவுதல் என இது மூன்று படிகளையுடையது. ஒவ்வொன்றிற்கும் காலம் வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியவை மிகுந்தோறும் அக்காலமும் நீளும் என்பதை 1952-இல் ஹிக் என்பார் நிறுவினார். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து மட்டையை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். கண்டதற்கேற்ப அடியை மாற்றுவதற்குத் தேர்ந்த ஆட்டக்காரருக்குங்கூட நொடியில் ஐந்திலொரு பங்கு வேண்டுமென மக்லவுட் 1987-இல் காட்டினார். அங்ஙனமாயின் அவர் அடிப்பது எவ்வாறு? 2000-ஆம் ஆண்டில் லாண்டும் மக்லவுடும் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. மட்டை பிடிப்போன் பந்தை இடையறாது நோக்குவதில்லை. அது தரையிற் படும் இடத்தை முன்னரே கணித்து, பந்து அங்கு வருமுன் தன் பார்வையைச் செலுத்திவிடுகின்றான். தேர்ந்தவனது பார்வை அவ்விடத்திற்கு மற்றவனதினும் விரைந்து செல்கின்றது. இம்முன்னுணர்வு பலவகைப் பந்துகளைக் கண்டு பழகிய பழக்கத்தால் வருவது.

மூன்றாவது, இலக்கு வகுத்தல். 'இயன்றவரை நன்றாகச் செய்' என்பதினும், தெளிவும் சற்று அருமையும் உடைய இலக்கு மிகுந்த பயன் தருமென்று லாக் என்பார் 1968-இல் எழுதினார். ஆயினும் இதனை எல்லா நிலைக்கும் ஒப்பக் கொள்ளலாகாது. 1989-இல் கான்ஃபரும் ஆக்கர்மனும், அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளருக்கு, விமானங்களை ஒழுங்குபடுத்தி இறக்கும் பணியைப் போன்றதொரு வேலையைக் கற்பித்துச் சோதித்தனர். கற்கத் தொடங்கிய நிலையிலேயே விதித்த அரிய இலக்கு அவர்தம் செயலைக் குன்றச் செய்தது. ஓரளவு கற்றபின் விதித்த இலக்கோ துணைசெய்தது. புதிதாகக் கற்பவனுக்குக் கவனம் முழுவதும் வேலைக்கே வேண்டியிருக்க, எண்ணிக்கையைப் பற்றிய நினைவு அதிலொரு பங்கைக் கவர்ந்துகொள்வதே இதன் காரணமென்பர். மேற்கூறிய மூன்றும் ஒன்றோடொன்று இயைந்தவை என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, புதிதாகப் பந்தெறியக் கற்பவனிடம், 'இருபதில் பதினான்கு விழவேண்டும்' என்று முதலிலேயே விதித்தல் தகாது. முழங்கையும் மணிக்கட்டும் செவ்வனே அமைதலே அவனுக்கு இலக்காகுக. அசைவு கைவந்தபின் எண்ணிக்கையை விதிக்கலாம். வெற்றியொன்றையே இலக்காகக் கொள்ளுதல் எந்நிலையிலும் போதாது. அது எதிரியின் ஆற்றலையும் பொறுத்ததன்றோ?

மாணாக்க நண்பர்காள்! இன்று மாலை ஆடுகளம் புகுமுன் மூன்று வினாக்களை உங்களுள்ளே எழுப்புமின்: நாம் பயில்வது எவ்வகைத் திறன்? அதிற் கவனிக்கவேண்டிய குறி யாது? இப்போதைய நிலைக்கு ஏற்ற இலக்கு எது? பயிற்றுவோரும், ஒருவனைத் தகுதியிலன் என்று நீக்குமுன், இவற்றிற்கேற்ற பயிற்சி அவனுக்குக் கிடைத்ததா என ஆராய்தல் கடன். அங்ஙனம் ஆராயின், ஆட்டத்தை விட்டு விலகி நிற்கும் இளைஞருட் பலர் மீண்டும் களம் புகுவர் என்பது நம் துணிபு.