அரிவரிப் பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம்: ஒன்றும் பலவும்



2008, 2009 ஆம் ஆண்டுகளில் பரந்தன் வயல்களை விட்டு இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளும் புத்தகங்களும் வழியிலேயே போயின. ஆனால் காதால் கேட்டு வாயால் பழகிய பாடம் பிள்ளையோடு கூடவே போகும். முன்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தை அப்படியே தொடங்குவோம். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தமும் முதலிரு தரங்களில் ஆங்கிலத்தை வாய்மொழியாகவே வைத்தது.

தமிழில் 'ஒரு மாடு, இரண்டு மாடு' என்போம். எண்ணைச் சொன்னால் 'கள்' இல்லாமலே பொருள் விளங்கும். ஆங்கிலத்தில் எண்ணைச் சொன்ன பின்பும் 'ஸ்' ஒலி வரவேண்டும். பிள்ளை 'ரூ கப்' என்று சொல்வது தமிழ்ப் பழக்கத்தாலே, மொக்குத்தனத்தால் அல்ல.

செய்யும் விதம்:

1. தேநீர்ப் பேணி ஒன்றை வைத்து, 'வண் கப்' என்று சொல்லுங்கள்.

2. இன்னொன்றை வைத்து, 'ரூ கப்ஸ்' என்று சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும்.

3. பிழைத்தால் ஏசவேண்டாம். நீங்கள் சரியாக மறுபடி சொன்னாற் போதும்.

4. அடுத்த நாள் 'புக், புக்ஸ்' என்று பழக்குங்கள்.

விதியைச் சொல்லவோ எழுதிக்காட்டவோ வேண்டாம். 'மென்', 'சில்ட்ரன்' போன்று உருமாறும் சொற்களைப் பின்னர் பார்ப்போம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மர நிழலும் போதும்.