ஜீப்பின் ஹீட் மீட்டரும் ஒரு எக்செல் வரைபடமும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் ஒரு முறையாவது பயோஸ் திரையில் பிராசசர் வெப்பநிலையைப் பார்த்து பயந்திருப்போம். 'ஐயோ, 65 டிகிரியா!' என்று கடைக்குப் போன் போடுவோம். திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று யோசிப்பதில்லை. எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது திருவரங்குளத்தில் இருக்கும் என் மாமனாரின் பழைய டீசல் ஜீப்.

ஆலங்குடி சாலையில் பத்து நிமிடம் ஓடினால் போதும், ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். வண்டியை ஓரங்கட்டி, அரை மணி ஆறவிட்டு, மறுபடி கிளம்ப வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார்கள். பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். முள் அசையவில்லை. 'ஹெட்டைக் கழற்றிப் பார்க்கணும், இருபத்திரண்டாயிரம் ஆகும்' என்றார்கள். 'மாப்பிள்ளை, நீங்கதான் கம்ப்யூட்டர் ஆள் ஆச்சே, ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லுங்க' என்றார் மாமனார். கம்ப்யூட்டருக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

வெப்பநிலை எண் எதுவானாலும் மூன்று இடங்களைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. சென்சார், நடுவில் உள்ள வயரிங், கடைசியில் காட்டும் கருவி. இன்டெல் கோர் வகை பிராசசர்களில் உள்ள சென்சார் டிகிரியை நேராகச் சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. வரம்பு 100, பாக்கி 40 என்றால் மென்பொருள் கழித்து 60 என்று காட்டும். அதே மென்பொருள் வரம்பை 85 என்று தவறாக எடுத்துக்கொண்டால் 45 என்று காட்டும். சென்சார் சரி, சூடும் அதேதான், எண் மட்டும் பொய்!

ஜீப்பிலும் முதல் கேள்வி இதுதான்: இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறதா? தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் தொடாமல் வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவியை இரவல் வாங்கினேன். (கொரோனா நாட்களில் நெற்றியில் நீட்டினார்களே, அது உதவாது. உடல் வெப்பத்தைத் தாண்டி அது அளக்காது. தொழிற்சாலைகளில் பயன்படும் வகை வேண்டும்.) பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதனால் இன்ஜின் ஆறியிருந்தபோதே தெர்மோஸ்டாட் மூடிமேல் கறுப்பு டேப் ஒட்டிவைத்தேன். முள் சிவப்பைத் தொட்டபோது அங்கே 84 டிகிரி. கொதிப்பே இல்லை. ஆனால் இப்படி அளந்து பார்க்கும் வரை சிவப்பை நிஜம் என்றே நம்பி வண்டியை நிறுத்துங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து சென்சார் வயரைக் கழற்றினேன். முள் குளிர் பக்கம் இறங்கியது. வயர் எங்காவது பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தால் முள் இறங்கியிருக்காது. ஆக, வயர் நல்லது.

இனி சென்சார். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். மறுநாள் காலை, ஆறிய இன்ஜினிலிருந்து அதைக் கழற்றினேன். புதுக்கோட்டை ஸ்பேர்ஸ் கடையில் அதே வகைப் புதிய சென்சார் ஒன்றை, 'சரியில்லை என்றால் திருப்பித் தருவேன்' என்று சொல்லி வாங்கினேன். இரண்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டி, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்தேன். 40 டிகிரியில் பழையது 290 ஓம், புதியது 285. 60ல் 136, 134. 80ல் 71, 70. 95ல் 45, 44.

இதை எக்செலில் ஏற்றுவோம். ஏ காலத்தில் டிகிரி, பி-யில் பழையது, சி-யில் புதியது. மூன்றையும் செலக்ட் செய்து இன்செர்ட் டேபில் 'ஸ்காட்டர்' வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கவும். புதியவர்கள் பெரும்பாலும் 'லைன்' வரைபடத்தைக் கிளிக் செய்துவிடுவார்கள். அது எண்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 60க்கும் 80க்கும் உள்ள தூரமும், 80க்கும் 95க்கும் உள்ள தூரமும் ஒன்று போலவே தெரியும். அளவீடுகளுக்கு எப்போதும் ஸ்காட்டர்தான். பிறகு ஓம் அச்சின்மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் ஆக்சிஸில் 'லாகரிதமிக் ஸ்கேல்' டிக் செய்யுங்கள். வளைந்த கோடு கிட்டத்தட்ட நேராகிவிடும். ஏதாவது ஒரு புள்ளி தப்பியிருந்தால் உடனே கண்ணில் படும். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இலவசமாக இதைச் செய்யலாம். எனக்கு இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. சென்சாரும் குற்றமற்றது!

மிஞ்சியது மீட்டர். அப்போதுதான் மாமனார் சொன்னது உறைத்தது. 'இப்பல்லாம் வண்டி நல்ல மைலேஜ் தருது, டீசல் முள் இறங்கவே மாட்டேங்குது' என்று பெருமைப்பட்டவர், போன மாதம்தான் பாதி டேங்க் காட்டிக்கொண்டிருந்த வண்டி டீசல் இல்லாமல் நின்று, கேனைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

இரண்டு மீட்டரும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். பல பழைய வண்டிகளில் பேட்டரியின் 12 வோல்ட்டைக் குறைத்து இரண்டு மீட்டருக்கும் தர ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். உள்ளே ஒரு இரட்டை உலோகத் தகடு சூடாகி விலகியும் ஆறிச் சேர்ந்தும் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். தகட்டைச் சூடாக்கும் சுருளுக்கு எர்த் கிடைக்காவிட்டால் தகடு விலகாது. முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும். மல்டிமீட்டரை வைத்தேன். எண் துள்ள வேண்டிய இடத்தில் அசையாமல் 13க்கு மேல் நின்றது.

காரணம் தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. ஹீட் தொல்லை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்புதான் டேஷ்போர்டுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்டெபிலைசர் ஸ்க்ரூவின் அடியிலும் பெயின்ட்! உப்புத்தாளால் சுரண்டி, ஸ்க்ரூவை இறுக்கினேன். மல்டிமீட்டர் துள்ளியது. ஹீட் முள் நடுவில் வந்து நின்றது. டீசல் முள்ளோ முக்காலில் இருந்து காலுக்கும் கீழே விழுந்தது. மாமனாருக்கு அதில்தான் வருத்தம்.

புதிய சென்சாரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எக்செல் ஃபைல் மட்டும் 'ஜீப்' என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் இருக்கிறது.