பழைய ஓடு இப்போ கிடைக்கலேன்னா, இன்சூரன்ஸில் எவ்வளவு கேட்கலாம்?

உங்கள் ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா? அடிப்பக்கத்தில் ஒரு கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும். கூடவே ஊர்ப் பெயர், சிலவற்றில் ஒரு சின்னம், அபூர்வமாக ஓர் ஆண்டு. அந்த எழுத்தை இன்றைக்கே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஏன் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

கடலூர் மாவட்டத்துக்குப் புயல் புதிது இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். வேப்பூர் கடலோரத்தில் இல்லை. ஆனாலும் மரம் சாய்ந்து ஓடு உடைவதற்குக் கடல் பக்கத்தில் இருக்கணும்னு அவசியம் இல்லையே.

இன்சூரன்ஸ் இருக்கும் வீட்டில் இப்படி நடந்தால் கம்பெனிக்காரர் வந்து உடைந்த ஓடுகளை எண்ணுவார். "மொத்தம் 120 ஓடு. ஓட்டு விலை, ஏற்றுக்கூலி, கொத்தனார் கூலி, இவ்வளவுதான்" என்று கணக்கு முடித்துவிடுவார். கணக்கு நியாயம்தானேன்னு தோணும். கடைக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும், அந்த ஓட்டைத் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது என்று. கடையில் இருக்கும் ஓடு பார்க்க அதே மாதிரி சிவப்பாக இருக்கும். ஆனால் பழைய ஓட்டோடு உட்காராது.

ஏன் உட்காராது?

நாம் மங்களூர் ஓடு, சீமை ஓடு என்று சொல்வதன் தொடக்கம் 1865. அந்த ஆண்டு பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு கோழிக்கோடு, ஃபரோக், திருச்சூர் என்று மேற்குக் கரையெங்கும் இதே மாதிரி ஓடு போடும் ஆலைகள் பெருகின. கான்கிரீட் தளம் பரவிய பிறகு, களிமண் கிடைப்பதும் சிரமமானதால், ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

இந்த ஓட்டின் சூட்சுமம் அதன் பள்ளத்திலும் மேட்டிலும் இருக்கிறது. பக்கத்து ஓட்டின் விளிம்பு இந்த ஓட்டின் பள்ளத்தில் போய்ப் பூட்டு மாதிரி மாட்டிக்கொள்ளும். மேல் வரிசை ஓடு கீழ் வரிசை ஓட்டின்மேல் ஏறி உட்காரும். பூட்டு சரியாக விழுந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே வராது. ஒவ்வொரு ஆலையின் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. மங்களூர் மாதிரி ஓட்டுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 654-லேயே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. அரை அங்குல வித்தியாசம் என்றாலும், பத்தாவது ஓட்டுக்குள் ஐந்து அங்குலம் தள்ளிப்போய்விடும். நீளம் மாறினால் கீழே அடித்திருக்கும் ரீப்பர் இடைவெளியும் பொருந்தாது. ரீப்பரைப் பிடுங்கி மறுபடி அடிக்கணும்.

"பக்கத்திலேயே விருத்தாசலம் செராமிக் ஊராச்சே, அங்கே ஒரு அச்சு செய்து 120 ஓடு சுட்டுத் தர மாட்டாங்களா?" என்று சிலர் கேட்பது உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அங்கே பெயர் பெற்றவை பொம்மைகளும் மின்சார ஃபியூஸ் பீங்கான்களும். அது வேறு மண், வேறு சூளை. ஓட்டுக்குப் பெரிய அழுத்து இயந்திரமும் அதற்கேற்ற அச்சும் வேணும். 120 ஓட்டுக்காக யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

பாலிசி என்ன சொல்கிறது?

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாமே 'பாரத் கிரிஹ ரக்‌ஷா' என்ற ஒரே வாசகம் கொண்ட வீட்டுப் பாலிசியைத் தரணும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதி. புயல், வெள்ளம், இடி, மரம் விழுவது எல்லாம் இதில் அடங்கும். சுவரோ கூரையோ கீற்று, மரப்பலகை, தார்ப்பாய் போன்றவற்றால் ஆனது என்றால் அது 'கச்சா' கட்டுமானம், அதற்குத் தனிக் கணக்கு. சுட்ட ஓடு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கடன் வாங்கியவர்கள், "எங்களுக்குப் பாலிசியே கிடையாதே" என்று முடிவு செய்யும் முன்னே வங்கியில் ஒரு வார்த்தை கேளுங்க. கடனோடு சேர்த்தே எடுத்திருப்பார்கள், பிரீமியமும் போய்க்கொண்டிருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது.

நமக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. சேதமான கட்டடத்தை, சேதம் நடந்த சமயத்தில் எந்த நிலையில் இருந்ததோ ஏறக்குறைய அதே நிலைக்குச் சரிசெய்ய ஆகும் செலவைக் கம்பெனி தரும் என்கிறது பாலிசி. ஒழுகாமல் இருந்த கூரை, சரிசெய்த பிறகும் ஒழுகாமல் இருக்கணும். உங்கள் உரிமை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

அதே பாலிசியில் இன்னொரு வரியும் இருக்கிறது. சரிசெய்த பிறகு சொத்தின் சந்தை மதிப்பு குறைந்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. அதனால் "புது ஓடு நிறம் சேரலை, வீடு அசிங்கமா இருக்கு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கிளெய்ம் நிற்பது கஷ்டம். அமெரிக்காவில் காப்பீட்டு ஆணையர்கள் சங்கத்தின் மாதிரி விதி, மாற்றிய பகுதி பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் தோற்றம் ஓரளவு ஒரே மாதிரி வரும் அளவுக்கு மாற்றித் தரணும் என்கிறது. பல மாநிலங்களில் அதைக் காட்டியே வாதாடுகிறார்கள். நம் பாலிசியில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆகவே நிறத்தை விடுங்க. 'பூட்டு விழவில்லை, தண்ணீர் இறங்குகிறது' என்பதைப் பிடியுங்கள்.

முழுக் கூரையா, 120 ஓடா?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் கம்பெனி 120 ஓட்டுக்குப் பணம் தருகிறேன் என்கிறது. மறுபக்கம் வீட்டுக்காரர் 1,200 ஓட்டையும் மாற்றித் தா என்கிறார். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. ஓடு வேய்கிற எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் நடுவழி ஒன்றைச் சொல்வார்.

இரண்டு சரிவுள்ள வீடு, சரிவுக்கு 600 ஓடு என்று வைத்துக்கொள்வோம். முன்சரிவில் 70, பின்சரிவில் 50 உடைந்திருக்கிறது. பின்சரிவை முழுசாகப் பிரித்து, அதிலிருந்து 70 நல்ல ஓட்டை எடுத்து முன்சரிவை நிரப்பலாம். ஒரே ஆலை ஓடு என்பதால் பூட்டு சரியாக விழும். பின்சரிவுக்கு ரீப்பரை மாற்றி அடித்து 600 புது ஓடு. இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் முகட்டு ஓடு வந்து சாந்தோடு மூடிவிடுவதால், அங்கே பழசும் புதுசும் பூட்டிக்கொள்ள வேண்டியதே இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழையபடியே தெரியும்.

ஆக நீங்கள் கேட்பது 600 ஓடு, ரீப்பர் வேலை, முகட்டு ஓடு, கூலி. அதைக் கேட்க ஒரு காரணம் உங்கள் கையில் இருக்கிறது. மிஞ்சிய 480 பழைய ஓட்டுக்கு ஒரு மதிப்புப் போட்டுக் கழிப்பார்கள், அது நியாயம். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய வீடு இடித்து ஓடு விற்கும் கடைகளில் அதே முத்திரை ஓடு 120 நல்ல நிலையில் கிடைத்தால், அதை வாங்கிப் போடுவதே எல்லாருக்கும் நல்லது. அப்போது 600 கேட்க முடியாது.

செல்போனில் சேர்க்க வேண்டிய சாட்சி

மழை விட்டதும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேலும் சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. தார்ப்பாய் பில் பத்திரம். ஆனால் மூடுவதற்கு முன்னே நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள், இடமும் நேரமும் பதிவாகும்படி. ஈர ஓட்டில் நீங்கள் ஏற வேண்டாம், கீழிருந்தும் பக்கத்து மாடியிலிருந்தும் எடுத்தால் போதும்.

உடைந்த ஓட்டைக் குப்பையில் கொட்டாதீர்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஒரு மூலையில் கிடக்கட்டும். (இந்த சர்வேயர் தாலுகா ஆபீஸ் நில அளவர் இல்லை. இழப்பை மதிப்பிட உரிமம் பெற்றவர். இழப்பு 1 லட்சம் ரூபாய்க்குக் கீழே என்றால் கம்பெனி தன் ஆளையே அனுப்பலாம்.)

பிறகு கடையிலிருந்து ஒரே ஒரு புது ஓடு வாங்கி வாருங்கள். பழைய ஓட்டின் முத்திரை, அதன் பக்கத்தில் டேப் வைத்து நீளம், அகலம். புது ஓட்டுக்கும் அப்படியே. இரண்டையும் பூட்டிப் பார்த்து இடைவெளியை எடுங்கள். கடைசியாக, இரண்டையும் கூரைச் சரிவு மாதிரி சாய்த்து வைத்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி வீடியோ எடுங்கள். அடியில் தண்ணீர் சொட்டுவது தெரிந்தால், பத்துப் பக்கக் கடிதம் எழுதுவதைவிட அந்த அரை நிமிஷ வீடியோ அதிகம் பேசும்.

இரண்டு மூன்று ஓட்டுக் கடைகளில் "இந்த முத்திரை, இந்த அளவு ஓடு இப்போது வருவதில்லை" என்று கடை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. கொத்தனாரின் மதிப்பீட்டில் ஓடு, ரீப்பர், ஆணி, முகட்டு ஓடு, சாந்து, பிரிக்கிற கூலி, வேய்கிற கூலி எல்லாம் தனித்தனியாக வரட்டும். இடிபாடு அள்ளும் செலவுக்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியிலேயே இடம் உண்டு. இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம். பட்டா நகலை அரசின் இணையச் சேவையில் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். 'டிஎன் அலர்ட்' செயலியில் அன்றைக்கு வந்த எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்தால், புயலா பழைய ஒழுக்கலா என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குப் புயலுக்கு முன்னே எடுத்த கூரைப் போட்டோதான் வேணும். அதனால்தான் ஆரம்பத்திலேயே இன்றைக்கே எடுங்கள் என்றது.

வருவாய்த் துறைக்கும் சேதத்தைத் தெரிவியுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பேரிடர் நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. மத்திய அரசின் 2022-26 விதிமுறைப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு நிவாரணம் 6,500 ரூபாய். ஒரு சரிவு ஓட்டை மாற்ற அது காணாது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதும் அறிக்கை காப்பீட்டுக்கும் நல்ல சாட்சி.

காலக்கெடுவும் மறுப்பும்

சேதத்தைப் பார்த்த உடனே கம்பெனிக்குச் சொல்லிக் கிளெய்ம் எண் வாங்குங்கள். படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்கணும். அவர்களுக்கும் கெடு இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமித்து, 15 நாளில் அறிக்கை பெற்று, அது கைக்கு வந்த 7 நாளில் முடிவு சொல்லணும்.

"120 ஓட்டுக்குத்தான் தருவோம்" என்று கடிதம் வந்தால் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தேய்மானம் கழித்திருந்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை இல்லை. அந்த அறிக்கை கம்பெனியையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற தாளில் அவசரத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பிறகு வழியை அடைக்கும்.

முதல் புகார் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு. 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கே வரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது, அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

வேலை முடிந்த பிறகு பழைய ஓட்டில் ஓர் இருபதையும் புது ஓட்டில் ஓர் இருபதையும் விற்காமல் வீட்டுப் பின்னால் அடுக்கி வையுங்கள். புது ஓட்டின் அடிப்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த ஆலையும் எத்தனை நாளைக்கு ஓடுமோ!