அழிக்காதீர்கள், குறித்து வையுங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு மேலதிகாரி அனுப்பும் ‘தூங்கலையா?’ வாட்ஸ்அப்பை அருவருப்பில் அழித்துவிடத்தான் கை போகும். அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, இடம், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் பெண்கள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நாள் போனால் நினைவும் மங்கும். 10 பேராவது வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். அதைவிடச் சிறிய கடையென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு இருக்கிறது.

‘சாட்சி இல்லையே, புகார் நம்மேலேயே திரும்பினால்?’ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. பொய்யென்று தெரிந்தே, தீய நோக்கத்தோடு அல்லது போலி ஆவணத்துடன் கொடுத்தது விசாரணையில் உறுதியானால்தான் சிக்கல். ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்ற சமாதானமும் (எத்தனை காலத்துப் பாட்டு இது!) குழுவின் முன் சுலபமாக எடுபடாது.